நீலக் காரை வெளியே எடுத்த சனிக்கிழமை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் பெட்டிக் கம்பெனிக்குள் ஆள் சத்தம் கேட்டது. வேலை இல்லாததால் இரண்டு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள்தான் கதவு திறந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை அதில் சேர்த்தி இல்லை. இருந்தும் அங்கே வேலை செய்யும் பதினொரு பேரும் வந்திருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. முதலாளி காரை வெளியே எடுக்கிறாராம் என்ற பேச்சு ஒன்றே போதுமானதாக இருந்தது. முப்பது வருஷமாக அட்டை வெட்டி 'கத்தரி' என்றே பெயர் வாங்கிவிட்ட மேஸ்திரி, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார்.

"என்ன மேஸ்திரி, யாருக்குக் கல்யாணம்?" என்றாள் முதலாளியான பெட்டிக்காரரின் தங்கை. பசை மேசை அவள் பொறுப்பு. அங்கே யாரையும் சும்மா விடாமல் கிண்டல் செய்வதும் அவள் பொறுப்புதான்.

"நம்ம வீட்டுப் பொண்ணுக்குத்தாம்மா. அஞ்சு வருஷமா வாசப்படி தாண்டாத பொண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். பெட்டிக்காரரும் சிரித்தார். அவர் மனைவி மட்டும் அந்தச் சிரிப்பை ஓரக்கண்ணால் அளந்து பார்த்தாள். அளவு பார்ப்பதுதான் அந்தக் கம்பெனியில் அவள் வேலை. எந்த ஆர்டராக இருந்தாலும் முதலில் செய்யும் பெட்டி அவள் கைக்கு வரும். உள்ளே டேப்பை விட்டுப் பார்த்து அவள் தலையாட்டிய பிறகுதான் மற்றவை வெட்டப்படும். சிரிப்பு ஒரு நூல் குறைந்திருந்தது. பரவாயில்லை, ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

கார் பின்கூடத்தில் நின்றது. இரண்டு கதவு, மடக்கும் கூரை, மழை விட்ட பிறகு வானத்தில் தெரியும் நீலம். பெட்டிக்காரர் பிறப்பதற்கு முந்தைய வருஷத்தில் செய்யப்பட்டது. துருப்பிடித்த கூடாக வாங்கி, ஒவ்வொரு ஆணியாகத் தேடிப் பிடித்து, ஒன்பது வருஷத்தில் அதை அவர் காராக்கினார். வெயிலும் மழையும் படக்கூடாது என்று பின்கூடத்தில் வைத்தார். அப்புறம் தொழில் ஓகோ என்று ஓடிய ஒரு வருஷத்தில் பெரிய மெஷின் ஒன்றை வாங்கி, முன்கூடத்தில் இறக்கி, காங்கிரீட்டில் போல்ட் போட்டு முறுக்கி, எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்து முடித்த பிறகுதான், காருக்கும் தெருவுக்கும் நடுவில் மெஷின் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் பட்டது.

"இவ்ளோ பெரிய கார மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"மெஷின் வந்த சந்தோஷத்துல எல்லாம் மறந்துபோச்சு."

"நல்லவேளை, நான் அன்னிக்கு அந்தப் பக்கம் நிக்கல. என்னையும் உள்ள வச்சுப் பூட்டியிருப்பீங்க."

அன்றிலிருந்து அந்தக் கார் எங்கேயும் போகவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் அதில் போய் உட்கார்வார்கள். அவர் பின்கூடத்து ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்து, சாவியைத் திருப்பி, இன்ஜினை ஓட விட்டு, "எங்க போலாம்?" என்று கேட்பார். அவள் ஏதாவது ஊர் பெயர் சொல்வாள். பத்து நிமிஷம் ஓடும். எதிரே செங்கல் சுவர். "நல்ல காத்து" என்பார் அவர்.

இப்போது அந்தக் காரைக் கொடுத்தாக வேண்டியிருந்தது. அந்த வருஷம் எதுவுமே விற்கவில்லை. செருப்பு விற்காத ஊரில் செருப்புப் பெட்டி எதற்கு? சந்தை படுத்த செய்தி பேப்பரில் வருவதற்கு மூன்று மாதம் முன்பே பெட்டி செய்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்படிப் படுத்திருந்தபோதுதான் மருந்துக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. பதினொரு பேருக்கும் ஒரு வருஷம் கை ஓயாத வேலை. ஆனால் பேப்பர் ரீல் கொடுக்கிறவர் கடன் என்ற பேச்சையே நிறுத்திவிட்டார். முழுப் பணமும் திங்கட்கிழமை கையில் வந்தால்தான் ரீல் லாரியில் ஏறும். இல்லையென்றால் ஆர்டர் வேறொரு கம்பெனிக்குப் போகும், இங்கே கதவு மூடும்.

"கார குடுத்துரலாம்" என்று பெட்டிக்காரரேதான் சொன்னார், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் கேட்பதைப்போல. மனைவியின் கரண்டி பாதி வழியில் நின்றது.

வாங்க முன்வந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. புதன்கிழமை வந்து, பின்கூடத்தில் டார்ச் அடித்து, காரின் ஒவ்வொரு இடுக்கையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதுபோல் பார்த்தார். கதவை நகத்தால் தட்டினார். "சொத்தை எதுவும் இல்ல" என்றார். கேட்ட விலைக்குத் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குக் கார் தெருவுல நிக்கணும். ஒரு கீறல் விழுந்திருந்தாலும் நான் அப்படியே திரும்பிருவேன். சாயங்காலம் வேற ஒரு ஊர்ல இன்னொரு கார் பாக்கப் போறேன். ரெண்டும் வாங்கற அளவுக்கு யாருக்கும் இன்னும் பல் வலிக்கல."

சிக்கல் அந்த வளைவில்தான் இருந்தது. பின்கூடத்திலிருந்து முன்கூடத்துக்கு வரும் இடத்தில் இந்தப் பக்கம் மெஷின், அந்தப் பக்கம் கூரையைத் தாங்கும் தூண். நடுவில் காரைத் திருப்பி எடுக்க வேண்டும். டேப் போட்டுப் பார்த்தால் ஒரு தடவை போகும் என்றது, இன்னொரு தடவை போகாது என்றது. காரையே விட்டுச் சோதிக்கவும் முடியாது. பாதியில் மாட்டினால் கீறல் நிச்சயம்.

"கார வச்சுத்தான பாக்க முடியாது?" என்றார் பெட்டிக்காரர், அன்று காலை எல்லோரும் கூடி நின்றபோது. அவர் கண்ணில் மெஷின் வந்த நாளின் பளபளப்பு. "கார் மாதிரி ஒண்ண செஞ்சு வச்சுப் பாத்தா? அட்டைக்கா நம்ம கிட்டப் பஞ்சம்?"

அடுத்த நொடி பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

அவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்து அளவைக் கத்தினார். முன்கூடத்தில் கத்தரி அதைச் சுவரில் எழுதிக்கொண்டார். நல்ல கனமான ஏழு அடுக்கு அட்டையாகப் பார்த்து எடுத்தார்கள். மெல்லிசாக இருந்தால் வளைந்து பொய் சொல்லும். வெட்டி, மடித்து, பின் அடித்து, நாலு மூலையையும் காரின் வளைவுக்கு ஏற்றபடி சீவி, ஒன்பதரை மணிக்கு ஒரு பழுப்பு நிறக் கார் கூடத்தில் நின்றது. தங்கை மார்க்கரை எடுத்து முன்பக்கம் இரண்டு கண்ணும் பெரிய பல் வரிசையும் வரைந்தாள்.

"பல்லு எதுக்குடி?"

"வாங்கறவங்க யாருண்ணா? அவங்களுக்குப் பிடிக்க வேணாமா?"

பேப்பர் ரீல் தள்ளும் தட்டையான டிராலிகளின் மேல் அட்டைக் காரை ஏற்றினார்கள். உண்மைக் காரையும் அப்படித்தான் எடுப்பதாகத் திட்டம். ஒவ்வொரு டயருக்கும் அடியில் ஒரு டிராலி. அப்போது கார் முன்னேயும் போகும், பக்கவாட்டிலும் போகும். அட்டைக் கார் பல்லைக் காட்டிக்கொண்டு முன்கூடத்திலிருந்து பின்கூடத்துப் பக்கமாகப் புறப்பட்டது. நேர்ப்பாதையில் சமர்த்தாக வந்தது. வளைவில் மூக்கை நுழைத்தது. பாதி திரும்பியது. தூணில் ஒரு பக்கமும் மெஷினில் ஒரு பக்கமும் இடித்து நின்றது.

"பின்னாடி வாங்க. கொஞ்சம் சாய்ச்சு..."

இரண்டாவது தடவையும் அதே இடம். மூன்றாவது தடவை வால்பக்கத்தை முன்னால் விட்டுப் பார்த்தார்கள். ஒரே ஒரு விரல்கடை. ஒரு விரல்கடை இடம் இருந்தால் போய்விடும்.

மணி பத்தரை. தூணை இடிக்கலாம் என்றார் ஒருவர். இடித்தால் கூரை கீழே வரும் என்றார் இன்னொருவர். மெஷினை நகர்த்தலாம் என்றாள் தங்கை. போல்ட்டை அறுத்து, கிரேன் வரவழைத்து, இரண்டு நாளாகும். சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. கத்தரி வெள்ளைச் சட்டையில் ஒட்டியிருந்த அட்டைத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

பெட்டிக்காரர் ஒரு ரீலின் மேல் உட்கார்ந்தார். "போக மாட்டேங்குதே, நான் என்ன பண்றது?" என்றார் பொதுவாக.

மனைவி அந்த முகத்தைப் பார்த்தாள். அது தோற்றவர் முகமாக இல்லை. பிடிக்காத விசேஷத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது அடைமழை பிடித்துக்கொண்டால் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அவள் தூணருகே போய்க் குனிந்தாள். அட்டை எங்கே இடிக்கிறது என்று பார்க்க அதன் விளிம்பை விரலால் தடவினாள். ஏழு அடுக்கு. விரல் நகம் முழுவதும் மறைகிற கனம். அவள் விரல் அங்கேயே நின்றது.

உள்ளே காரின் அளவு. அதற்கு வெளியே அட்டையின் கனம். பெட்டி செய்கிறவனிடம் ஒரு அளவைச் சொன்னால் அது உள்ளே வைக்கப்போகும் பொருளின் அளவு என்றுதான் எடுத்துக்கொள்வான். அந்த அளவுக்கு உள்ளே இடம் விட்டு வெட்டுவான். பொருள் உரசாமல் இருக்க இரண்டு பக்கமும் கொஞ்சம் இளக்கம் வேறு விடுவான். கத்தரி காரைப்போல் ஒன்றைச் செய்யவில்லை. காரை உள்ளே வைத்து அனுப்ப ஒரு பெட்டி செய்திருக்கிறார். அவரை என்ன சொல்வது? சுற்றி நிற்கும் பதினொரு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே. எந்த நாளும் முதல் பெட்டியை அளந்து பார்க்கும் அவளும் அன்றைய பரபரப்பில் பார்க்கவில்லை.

உண்மைக் கார் இதைவிட இரண்டு விரல்கடை சிறியது. அது போய்விடும்.

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அவர் இன்னும் ரீலின் மேல்தான் இருந்தார். அவள் சொன்னால் கார் போய்விடும். ஆனால் அது அவள் வாயால் போன காராக இருக்கும். ஒன்பது வருஷம் ஆணி ஆணியாகத் தேடியவருக்கு, இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தச் செங்கல் சுவரைப் பார்க்கும்போது அது நினைவுக்கு வரும். சொல்லாவிட்டால் கதவு மூடும்; பதினொரு பேர். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது. பதினொரு மணிவரை பார்ப்பது, அதற்குமேல் ஒரு நிமிஷம் தாங்காது என்று முடிவு கட்டினாள்.

"எங்க இடிக்குதுன்னு நீங்களே ஒரு தடவ வந்து பாருங்களேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் எழுந்து வந்தார். குனிந்தார். தூணைத் தடவினார், மெஷினின் இரும்பைத் தடவினார், பிறகு அட்டையைத் தடவினார். நாற்பது வருஷமாக எந்த அட்டையை எடுத்தாலும் அவர் கட்டைவிரல் தானாக விளிம்புக்குப் போய்க் கனம் பார்க்கும். இப்போதும் போனது. விளிம்பில் வந்து நின்றது. அப்படியே நின்றது.

அவள் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவர் தலையைத் திருப்பிப் பின்கூடத்தைப் பார்த்தார். இருட்டுக்குள் நீல வால்பக்கமும் ஒரு சிவப்பு விளக்கும் தெரிந்தன. எவ்வளவு நேரம் பார்த்தார் என்று கேட்டால் சொல்வது கடினம். கடிகாரத்தில் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பிறகு நிமிர்ந்தார்.

"கத்தரி!"

"சொல்லுங்க முதலாளி."

"நான் சொன்ன அளவ எப்படி வெட்டின? உள்ளயா, வெளியயா?"

கத்தரி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "உள்ள... உள் அளவு முதலாளி!"

"இளக்கம்?"

"வழக்கம்போல ரெண்டு பக்கமும் விட்டேனே!"

"கார பெட்டியில போட்டுத் தபால்ல அனுப்பறோம்னு நெனச்சியா?"

கூடம் வெடித்துச் சிரித்தது. தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பசை மேசையில் சாய்ந்தாள். "விட்டா மேஸ்திரி எனக்கும் உள் அளவுலதான் ரவிக்கை தைப்பாரு!"

"ரவிக்கைக்கு உள் அளவுதாம்மா சரி" என்றார் கத்தரி பரிதாபமாக. சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது. பெட்டிக்காரர்தான் முதலில் நிறுத்தினார். "போதும், போதும்! மணியப் பாருங்க! ஜாக்கி எங்க?"

அதன் பிறகு நடந்தது எல்லாம் ஓட்டம். ஜாக்கி வைத்துத் தூக்கி, டயர்களுக்கு அடியில் டிராலி தள்ளி, மூக்கு வெளிப்பக்கம் வரும்படி காரைப் பின்கூடத்திலேயே திருப்பி, பல் இளித்த அட்டைக் காரைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தி, பதினொரு பேரும் காரைச் சுற்றி இடம் பிடித்தார்கள். பெயிண்ட் மேல் போர்வை போர்த்தலாம் என்று ஒருவர் எடுத்து வந்தார். "போர்வைக்கும் கனம் உண்டு, தூக்கிப் போடு" என்றார் கத்தரி. அவருக்கு ஞானம் பிறந்திருந்தது.

மனைவி ஒரு மெல்லிய பழுப்புக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தூணருகே முழங்காலில் உட்கார்ந்தாள். காருக்கும் தூணுக்கும் நடுவில் காகிதத்தை விட்டு மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருப்பாள். காகிதம் ஓடும்வரை கீறல் இல்லை. பெட்டிக்காரர் வால்பக்கம் தள்ளினார். அங்கிருந்து அவருக்கு எதுவும் தெரியாது. அவள் குரல் மட்டும்தான்.

"தள்ளுங்க... மெதுவா..."

நீல மூக்கு வளைவில் நுழைந்தது. பக்கவாட்டில் நகர்ந்தது. கதவு அவள் முகத்துக்கு நேரே வந்தது, அதில் அவள் முகமே தெரிந்தது.

"ஓடுதா?" என்று பின்னாலிருந்து கத்தினார்.

"ஓடுது!"

"ஓடுதா?"

"ஓடுது... ஓடுது... நில்லுங்க!"

காகிதம் பிடித்துக்கொண்டது. பதினொரு பேரும் சிலையானார்கள். யாரோ ஒருவர் தும்மல் வருகிறது என்று முனகினார். "முழுங்குடா" என்று இன்னொருவர் பல்லைக் கடித்தார். "வால இந்தப் பக்கம், ஒரு நூல்" என்றாள் அவள். டிராலிச் சக்கரம் கிறீச்சிட்டது. காகிதம் இளகியது. பிறகு சட்டென்று அவள் கையோடு வந்துவிட்டது. காகிதத்துக்கு எதிரே தூண் மட்டும் இருந்தது, கார் இல்லை. கார் முன்கூடத்தில் இருந்தது.

அந்தக் கூச்சலில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாம் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

பல் டாக்டரம்மா பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். வாசலில் நின்ற அட்டைக் காரை மேலும் கீழும் பார்த்தார். "இதத்தான் எனக்குத் தரப்போறீங்களா?" என்றார். பிறகு பல் வரிசையைக் கூர்ந்து பார்த்து, "கீழ ரெண்டு பல் கம்மி" என்றார். தங்கை மார்க்கரோடு ஓடினாள். உண்மைக் காரைச் சுற்றி டார்ச் அடித்துப் பத்து நிமிஷம் பார்த்தார். தூண் பக்கத்துக் கதவருகே உட்கார்ந்து விரலால் ஒரு தடவை தடவினார். எல்லோரும் அந்த விரலையே பார்த்தார்கள்.

"சுத்தமா இருக்கு" என்றார். பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்.

காரை ஏற்றும் லாரி சந்துக்குள் வர முடியாமல் மெயின் ரோட்டில் நின்றது. டாக்டரம்மா சாவியைப் பெட்டிக்காரரிடமே நீட்டினார். "இந்தச் சந்துல எனக்குக் கை வராது. நீங்களே ஓட்டிட்டு வந்து ஏத்திருங்க. நான் லாரிகிட்ட நிக்கறேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கேட்கவே இல்லை. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். கூரையை மடக்கினார்கள். சாவி திரும்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஞாயிறு தவறாமல் ஓடியதற்குப் பலன். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக எதிரே செங்கல் சுவர் இல்லை.

"எங்க போலாம்?" என்றார்.

"மெயின் ரோடு வரைக்கும்."

கார் நகர்ந்தது. பின்னால் பதினொரு பேரும், டிராலியில் அட்டைக் காரும், அதற்கு ஹாரன் அடிப்பதாக வாயாலேயே கத்திக்கொண்டு தங்கையும். காற்று வந்தது, உண்மையான காற்று. அவள் முடி கலைந்து வாயில் புகுந்தது.

"ஆமா, முதல் பெட்டிய எப்பவும் நீதான பாப்ப?" என்றார் அவர், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே. "இத எப்படி விட்ட?"

"அவசரத்துல கவனிக்கல."

"பாத்தியா! உன் கண்ணுக்கே தப்பினத நான் பிடிச்சுட்டேன்!" அவர் சிரிப்பில் இப்போது ஒரு நூல்கூடக் குறையவில்லை.

அதை அவர் அதோடு விடவில்லை. நாலு வருஷம் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். மருந்துக் கம்பெனிக்காரரிடம் சொன்னார், ரீல்காரரிடம் சொன்னார். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில், இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு, ஊசி போட வந்த நர்ஸிடம் சொன்னார். "நிஜமாவே நீங்க கவனிக்கலையாம்மா?" என்று நர்ஸ் திரும்பிக் கேட்டாள். "இல்லம்மா. அவர்தான் கண்டுபிடிச்சாரு" என்றாள் அவள்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்குச் சந்து முடிகிற இடத்தில் கார் நின்றது. லாரி வலதுபக்கம். அதன் பக்கத்தில் டாக்டரம்மா கையசைத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்காரர் அவருக்கு ரொம்ப மரியாதையாக ஒரு கும்பிடு போட்டார், இடதுபக்கம் திரும்பினார்.

"ஏங்க! என்னங்க பண்றீங்க!"

"ஒரே ஒரு ரவுண்டு" என்றார். "ஊர் பேரச் சொல்லு."

பின்னால் டாக்டரம்மாவின் குரலும், பதினொரு பேரின் விசிலும், தங்கையின் ஹாரனும் சேர்ந்து கேட்டன. அவள் பறக்கும் முடியைக் கையால் பிடித்துக்கொண்டு, இருக்கிறதிலேயே தூரமான ஊரின் பெயரைச் சொன்னாள்.